ஸ்பாலிங்: பொருக்குடைவா, எதிர்முகப் பெயர்வா?

நண்பர்களே,
சுரங்கப் பொறியியல் மாணவர்களுக்குப் பாறை உடைப்பு பற்றித் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை வகுப்பு. 'ஸ்பாலிங்' என்பதற்குச் சொல் வேண்டும். வெடித்ததும் அமுக்க அலை கருங்கல்லுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. எதிர்ப்பக்கத் திறந்த முகத்தில் (பாறை முடிந்து காற்று தொடங்கும் பக்கம்) பட்டு இழுவிசை அலையாகத் திரும்புகிறது. 150 மெகாபாஸ்கல் அமுக்கத்தைத் தாங்கும் கல், இழுத்தால் 10, 15க்கே விட்டுவிடும். அந்த முகத்துக்கு இணையாகப் பலகை போன்ற ஒரு பாறைத் துண்டு கழன்று பறக்கிறது. இதுதான் ஸ்பாலிங். 'சிதறல்' எனலாமா?

---

> 'சிதறல்' எனலாமா?

வேண்டாம் ஐயா, ஒளிச்சிதறல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. காய்ந்த வயலில் மேல்மண் பெயர்வதைப் பொருக்கு என்கிறோமே! பொருக்கு + உடைவு, உகரம் கெட்டுப் 'பொருக்குடைவு'. பொருதல் என்றால் மோதுதல். கடல் அலை கரையைப் பொரும். அலை மோதிப் பெயர்வது பொருக்கு. இதைவிடப் பொருத்தம் ஏது?

---

பொருதலிலிருந்துதான் பொருக்கு வந்தது என்பதற்கு என்ன சான்று? வயல் பொருக்கை எந்த அலையும் மோதவில்லை, வெயில்தான் காய்ச்சியது. பாதி மாணவர்கள் 'பொறுக்கு' என்றும் எழுதுவார்கள். வீட்டில் காரை பெயர்ந்தது என்கிறோம். 'பெயர்வு' போதும்.

---

இரண்டிலும் முக்கியமானது விடுபடுகிறது. அடி விழுந்த இடம் அமுக்கத்தில் நொறுங்குவது வேறு. இது எதிர்முகத்தில், இழுப்பில் நடப்பது. 1914இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் எஃகுத் தண்டின் ஒரு முனையில் சிறு துண்டைக் காந்தத்தால் ஒட்டவைத்து, மறுமுனையில் வெடித்தார். அமுக்கத்தைக் கடத்திய அதே மூட்டு இழுப்பு வந்ததும் விட்டுவிட்டது, துண்டு பறந்தது. மாணவர் மனத்தில் நிற்க வேண்டியது இதுதான். 'எதிர்முகப் பெயர்வு' எப்படி?

---

அது விளக்கம், கலைச்சொல் அல்ல. வினையாக்கிப் பாருங்கள்: 'பாறை எதிர்முகப் பெயர்ந்தது' என்பீர்களா? 'பொருக்குடைந்தது' தடையில்லாமல் வருகிறது.

---

சரி. தனிமடலிலும் பலர் எதிர்முகப் பெயர்வையே கேட்கிறார்கள். குறிப்பில் அதைப் போடுகிறேன், முதல் இடத்தில் 'ஸ்பாலிங்' என்பதையும் சேர்த்து.

---

போடுங்கள் ஐயா, எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அலை வலுவாக இருந்தால் ஒரு பலகையோடு நிற்காது. கழன்ற இடமே புதிய திறந்த முகமாகி, மிச்ச அலையும் அங்கே திரும்பி, அடுத்தடுத்து அடுக்குகள் கழலும். அந்த அடுக்கு 'பெயர்வு' என்பதில் எங்கே இருக்கிறது? பொருக்கில் இருக்கிறது.