லேப் கேள்வியில் பிங் போகிறது, ஆனால் மதிப்பெண் பூஜ்யம்: உடனே உதவி தேவை

பிடிஎம் இராக்கோழி | செவ்வாய், இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை எனக்குத் தேர்வு. அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய மாதிரித் தேர்வை மூன்று நாட்களாக எழுதிப் பார்க்கிறேன். மற்றக் கேள்விகளில் ஓரளவு தேறிவிடுகிறேன். ரௌட்டரை அமைத்துக் காட்டச் சொல்லும் ஒரு லேப் கேள்வியில் மட்டும், இரண்டு ரௌட்டர்களுக்கும் இடையே பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகிறது, நெய்பரும் (எதிர் ரௌட்டரும் பட்டியலில்) வந்துவிடுகிறது, இருந்தும் மூன்று முறையும் பூஜ்யமே விழுந்தது. இது மென்பொருளின் கோளாறா, அல்லது நான் எதையாவது விட்டுவிட்டேனா? இரவுப் பணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை | செவ்வாய், இரவு 9.15

நண்பரே, எந்தத் தேர்வு என்பதையே நீங்கள் எழுதவில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏ என்றுதான் ஊகிக்கிறேன். ரௌட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளில், கேள்வியில் இருப்பது ஓஎஸ்பிஎஃப்பா, ஈஐஜிஆர்பியா? கேள்வி உங்களிடம் கேட்டது என்ன? நீங்கள் கொடுத்த கட்டளைகள் எவை? பிங் போக வேண்டும் என்பது மட்டுமே கேள்வியாக இருந்திருந்தால் உங்களுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். வேறு எதையோ கேட்டிருக்கிறார்கள், அதைத்தான் நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை.

சேமித்தவன் பிழைப்பான் | செவ்வாய், இரவு 9.40

இதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் ரன்னிங் கான்ஃபிகை (இப்போது ஓடும் அமைப்பை) ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் (மீண்டும் எழும்போது படிக்கும் அமைப்பில்) சேமித்திருக்க மாட்டீர்கள். ஒயிட்ஃபீல்டில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து ஒரு ஸ்விட்சை அமைத்தேன். சேமிக்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிரவு மின்சாரம் போய் வந்தபோது அத்தனையும் அழிந்திருந்தது. அன்று முதல் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் சேமித்துவிடுகிறேன். நீங்களும் சேமித்துவிட்டுப் பாருங்கள், மதிப்பெண் வரும்.

பாக்கெட் பிதாமகன் | செவ்வாய், இரவு 10.05

இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதுபோன்ற கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். எந்த இன்டர்ஃபேஸ்களில் (இணைப்பு முனைகளில்) நெறிமுறை ஓட வேண்டும் என்று சொல்லும் நெட்வொர்க் கட்டளையில், சப்நெட் மாஸ்க்கின் தலைகீழான வைல்ட்கார்டு மாஸ்க் கொடுக்க வேண்டிய இடத்தில் சப்நெட் மாஸ்க்கைக் கொடுத்திருப்பீர்கள். 0.0.0.255 என்று எழுத வேண்டிய இடத்தில் 255.255.255.0 என்று எழுதுகிறவர்கள் முதலில் புத்தகத்தின் தொடக்க அத்தியாயத்துக்குத் திரும்பிப் போவது நல்லது. இப்போதெல்லாம் காணொளிகளை இருமடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக மாதிரித் தேர்வுக்கு வந்துவிடுகிறார்கள்.

அல்சூர் ஏரிக்கரை | செவ்வாய், இரவு 10.20

ஐயா, நெய்பர் வந்துவிட்டது என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். மாஸ்க் தவறி அந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் ஓடாமல் போயிருந்தால் நெய்பரே வந்திருக்காது. அறிவுரைக்கு முன்னால் பதிவை ஒருமுறை படித்திருக்கலாம்.

ஜெயநகர் நான்காம் பிளாக் | செவ்வாய், இரவு 11.10

பிரவுசரின் கேஷ் நினைவகத்தை அழித்துவிட்டு, வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். என் தங்கைக்கு வங்கித் தேர்வின் மாதிரித் தாளில் இதே போன்ற சிக்கல் வந்து, அப்படித்தான் தீர்ந்தது.

பிடிஎம் இராக்கோழி | புதன், காலை 7.30

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போதுதான் பணியிலிருந்து பிஜி விடுதிக்குத் திரும்பினேன், விவரங்களைத் தராததற்கு மன்னிக்கவும். தேர்வு சிசிஎன்ஏ 200-301, கேள்வி ஓஎஸ்பிஎஃப் பற்றியது. ஆர்2 ரௌட்டர் ஏற்கெனவே ஏரியா 0-இல் (ஓஎஸ்பிஎஃப்பின் முதன்மைப் பகுதியில்) அமைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்1-ஐ நான் அமைக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஈதர்நெட் இணைப்பில் ஆர்1தான் டிஆர் (அந்த இணைப்பில் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தகவல் பகிரும் தலைமை ரௌட்டர்) ஆக இருக்க வேண்டும், ஆர்2-இன் கான்ஃபிகரேஷனில் எதையும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. ஆர்1-இன் இன்டர்ஃபேஸில் பிரையாரிட்டியை (டிஆர் தேர்தலுக்கான முன்னுரிமை எண்ணை) 255 என்று வைத்தேன். பிறகு ஓஎஸ்பிஎஃப்பை மீண்டும் தொடங்க வைக்கும் கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ் கட்டளையையும் கொடுத்தேன். ஆர்1-இல் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் பார்த்தால் ஃபுல்/டிஆர் என்றே காட்டுகிறது. சேமித்தும் ஆயிற்று, வேறு பிரவுசரிலும் பார்த்தாயிற்று. டிஆர் என்று கண்ணெதிரே காட்டும்போது பூஜ்யம் போட்டால் அது மென்பொருளின் பிழை அல்லாமல் வேறென்ன?

பாக்கெட் பிதாமகன் | புதன், காலை 9.00

இதை முதலிலேயே எழுதியிருந்தால் என் நேரம் மிச்சமாகியிருக்கும். 1998 ஏப்ரலில் வெளியான, ஓஎஸ்பிஎஃப்பை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 2328-ஐப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒருமுறை டிஆர் தேர்வாகிவிட்டால், அதன் பிறகு எவ்வளவு உயர்ந்த பிரையாரிட்டியுடன் யார் வந்தாலும் அந்தப் பதவி பறிபோகாது. எனவே ஆர்1-ஐ ரீலோடு (மறுதொடக்கம்) செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கிழக்கே போகும் கேபிள் | புதன், காலை 10.15

நண்பர்களே, சனிக்கிழமை தேர்வை வைத்துக்கொண்டு ஒற்றை லேப் கேள்வியுடன் மல்லுக்கட்டுவது வீண். டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) கிடைத்தால் மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம். 825 எடுத்தால் தேர்ச்சி. லேப் கேள்வியை அப்படியே விட்டுவிட்டாலும் அந்த மதிப்பெண் வந்துவிடும்.

அல்சூர் ஏரிக்கரை | புதன், காலை 10.40

உங்களுடைய இந்த யோசனை அவரைக் கெடுத்துவிடும். மதிப்பெண் 300 முதல் 1000 வரையிலான அளவுகோலில் தரப்படுகிறது, ஆனால் தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. 825 என்பது வாய்வழியாகப் பரவி வரும் எண். டம்ப் படித்தது தெரியவந்தால் கையில் இருக்கும் சான்றிதழே ரத்தாகலாம், அடுத்து எழுதவும் தடை வரலாம். 300 டாலரும் வரியும் கட்டி எழுதுகிற தேர்வு இது.

கிழக்கே போகும் கேபிள் | புதன், காலை 11.00

என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தேறினார்கள், இன்று மாரத்தஹள்ளியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். அதற்கென்ன சொல்கிறீர்கள்?

அல்சூர் ஏரிக்கரை | புதன், காலை 11.25

நேர்முகத் தேர்வுகளில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் நான். டிஆர் எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டால் மேசையைப் பார்க்கிறார்கள். இந்த இழையில் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் டம்ப் பற்றித் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

கோரமங்களா லேப் மேசை | புதன், பிற்பகல் 2.10

தம்பி, மென்பொருளில் பிழை இல்லை. உங்களுக்கு மூன்று இடங்களில் சறுக்கியிருக்கிறது. முதல் சறுக்கல் மற்ற இரண்டையும் மறைத்துவிட்டதால்தான் இத்தனை குழப்பம்.

ஆர்1-இல் உட்கார்ந்து ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் என்று கேட்கும்போது, அங்கே தெரியும் ஃபுல்/டிஆர் என்பதில் உள்ள டிஆர் எதிரே இருக்கும் ரௌட்டரின் பதவியைக் குறிக்கிறது, உங்கள் ரௌட்டரின் பதவியை அல்ல. அதாவது, ஆர்2தான் இன்னும் டிஆர் என்று அந்த வரி உங்களிடம் மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என்னிடம் லேப் பழகியவர்களில் இதை இப்படித் தலைகீழாகப் படிக்காதவர்கள் குறைவு. ஆர்1-இன் சொந்தப் பதவியை அறிய ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் கொடுத்துப் பாருங்கள். ஸ்டேட் பிடிஆர் (டிஆருக்கு அடுத்த மாற்று ரௌட்டர்), பிரையாரிட்டி 255 என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இரண்டாவது, கிளியர் கட்டளையைக் கொடுத்தவுடன், எல்லா ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்களையும் ரீசெட் செய்யவா என்று அது கேட்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நோ என்று இருக்கும். அங்கே நீங்கள் வெறுமனே என்டர் தட்டியிருந்தால் வேண்டாம் என்று பதில் சொன்னதாகிவிடும், எதுவுமே நடந்திருக்காது. யெஸ் என்று தட்டச்சு செய்தீர்களா என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஆர்1-இல் யெஸ் என்றே கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆர்1 எழுந்து மீண்டும் வரும்போது ஆர்2 ஏற்கெனவே டிஆர் என்று அறிவித்துக்கொண்டிருக்கும், ஆர்1 அதை ஏற்றுக்கொண்டு பிடிஆர் ஆக அமர்ந்துவிடும். ஆர்1-ஐ மட்டும் ரீலோடு செய்தாலும் கதை இதுதான், ஆகவே பெரியவர் சொன்ன விதி சரி, அதற்கு அவர் சொன்ன மருந்து சரியில்லை. பதவியில் இருப்பவர் இறங்கினால்தான் அடுத்தவர் ஏற முடியும். எனவே கட்டளையை ஆர்2-இல் கொடுங்கள். அதன் பிராசஸ் அறுந்தவுடன் பிடிஆர் ஆக இருந்த ஆர்1 டிஆர் ஆகிவிடும், ஆர்2 திரும்பி வரும்போது ஆர்1-ஐ ஏற்றுக்கொள்ளும். கிளியர் என்பது கான்ஃபிகரேஷனில் ஒரு வரியையும் மாற்றாததால் கேள்வியின் நிபந்தனையும் மீறப்படாது. ஆர்2-இன் பிரையாரிட்டியை 0 ஆக்கினால் அது தேர்தலிலிருந்தே விலகிவிடும், ஆனால் அந்த வழியைத்தான் உங்கள் கேள்வி அடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐபி கனெக்டிவிட்டி பகுதிக்கு மட்டும் 25 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் டிஆர், பிடிஆர் தேர்வு பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. உண்மைத் தேர்வில் 120 நிமிடங்கள்தான், கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு லேப் கேள்வியிலும் நெக்ஸ்ட் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால், கேள்வி கேட்டதை ஷோ கட்டளையால் பார்த்துவிடுங்கள். பிங் போவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். டிஆர் யாராக இருந்தாலும் பிங் போகத்தான் செய்யும். வீட்டிலேயே பேக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் இரண்டு ரௌட்டர்களை ஒரு ஸ்விட்ச் வழியாக இணைத்து, ஆர்2-ஐ முதலில் எழுப்பிவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

பாக்கெட் பிதாமகன் | புதன், பிற்பகல் 3.30

நான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். எந்த ரௌட்டரை ரீலோடு செய்வது என்பதைப் படிப்பவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

அல்சூர் ஏரிக்கரை | புதன், பிற்பகல் 3.45

ஆர்1 என்று எழுத்தில் இருக்கிறது, ஐயா. நாங்களும் படித்துத்தான் புரிந்துகொண்டோம்.

ஜெயநகர் நான்காம் பிளாக் | புதன், மாலை 4.20

அப்படியானால் கேஷை அழிக்கத் தேவையில்லை என்பது உறுதிதானா?

பிடிஎம் இராக்கோழி | வியாழன், காலை 8.05

அக்கா, நீங்கள் சொன்னது மூன்றுமே சரி. என்டர் மட்டும்தான் தட்டியிருக்கிறேன். ஆர்2-இல் யெஸ் கொடுத்தேன், ஆர்1-இல் இப்போது ஃபுல்/பிடிஆர் என்று வருகிறது, கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மிக்க நன்றி. தூங்கப் போகிறேன்.

சேமித்தவன் பிழைப்பான் | வியாழன், காலை 9.10

வாழ்த்துகள். முழு மதிப்பெண் வந்த அந்த முறை, சேமித்துவிட்டுத்தான் நெக்ஸ்ட் அழுத்தினீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

சேமித்தவன் பிழைப்பான் | ஞாயிறு, மாலை 6.30

இராக்கோழி, பதிலைக் காணோமே?