கேப் ஹாட்டரஸ் கடற்கரையில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு: எவ்வளவு நியாயம்?

கேள்வி: தூண்டில்காரன்

அமெரிக்காவின் வட கரோலைனாவில் வசிக்கிறேன். கேப் ஹாட்டரஸ் தேசியக் கடற்கரைக்குக் குடும்பத்துடன் போவது எங்கள் வழக்கம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மணலில் இறக்கி, அலையோரமாக நிறுத்தி, ரெட் டிரம் மீனுக்குத் தூண்டில் போடுவதற்கு இதைவிடப் பேர்போன இடம் கிழக்குக் கரையில் இல்லை. ஆனால் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகும், கோடையில் கேப் பாயிண்ட் போன்ற நல்ல இடங்கள் பறவைகளுக்காக மூடப்படுகின்றன. மே மாதம் தொடங்கிவிட்டால் இரவு 9 மணிக்கு மேல் மணலில் வண்டி ஓட்டவும் கூடாது. பொதுமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட கரையில் இத்தனை கட்டுப்பாடு முறைதானா? மணலில் நடக்க இயலாத முதியவர்களை எப்படி அழைத்துச் செல்வது?

மறுமொழி 1: கரைவாசி

இந்தக் கட்டுப்பாடு திடீரென்று வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நாற்பது ஆண்டுகள் தாமதமாக வந்தது. பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக் கூடாது என்பதை அந்தந்த நிர்வாகமே வரையறுக்க வேண்டும் என்று 1972இல் அதிபர் நிக்சன் ஆணையிட்டார். 1977இல் அதிபர் கார்ட்டர் அதை மேலும் இறுக்கினார். ஹாட்டரஸில் மட்டும் முறையான விதி எதுவும் வராமலே காலம் ஓடியது. 2007இல் இரண்டு வனவிலங்கு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2008 ஏப்ரலில் நீதிமன்றத்தின் வழியாக ஓர் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. மீனவர், வணிகர், பறவை ஆர்வலர் எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசிப் பார்த்தும் ஒத்த கருத்து பிறக்காததால், இந்தக் கரையைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா நிர்வாகம் தானே எழுதிய விதி 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அந்த விதி வந்தபோது, ஏறத்தாழ 67 மைல் கரையில் 28 மைல் ஆண்டு முழுவதும் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 13 மைல் பருவத்துக்கு ஏற்பத் திறக்கப்பட்டது. 26 மைல் நடப்பவர்களுக்கு மட்டும். இதைத் தடை என்பதைவிடப் பங்கீடு என்பதே பொருந்தும். பொதுக் கரை என்று நீங்கள் சொல்வதில் வண்டி இல்லாமல் வருபவரும் அடக்கம்தானே?

உள்ளூர் மக்களின் மனக்குறையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1963இல் ஒரிகன் இன்லெட் என்ற நீர்வழியின் மீது பாலம் வருவதற்கு முன்பும், தார்ச்சாலை வருவதற்கு முன்பும், அவர்களுக்கு மணல்தான் சாலை. அந்தப் பழக்கத்தை உரிமையாகக் கருதுவது இயல்பு. ஆனால் அன்று ஓடிய சில வண்டிகளும் இன்று விடுமுறை நாளில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளும் ஒன்றல்ல.

மறுமொழி 2: உப்புக்கொத்தி

உயிரியல் பக்கத்தைச் சொல்கிறேன். இங்கே முக்கியமான பறவை பைப்பிங் பிளவர் என்ற சிறிய உப்புக்கொத்தி. அட்லாண்டிக் கரையில் உள்ளவை 1986 முதல் அழியும் அபாயமுள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அது வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டையைச் சுற்றி வேலி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு நடந்து, இரை தேடி ஈரமணலுக்கு வந்துவிடுகின்றன. பறக்கப் பழகும் வரை சுமார் நான்கு வாரம் இப்படியே அலைகின்றன. ஆபத்து என்று தோன்றினால் ஓடுவதற்குப் பதிலாக அசையாமல் பதுங்கிக்கொள்ளும், பல வேளை டயர் தடத்தின் பள்ளத்துக்குள்ளேயே. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைப் பார்க்க முடியாது. அதனால்தான் கூட்டையும் குஞ்சுகளையும் சுற்றி, வண்டி வரக் கூடாத அவ்வளவு அகலமான இடைவெளி விடப்பட்டது.

இரவுத் தடை பெரும்பாலும் ஆமைகளுக்காக. முட்டையிடக் கரையேறும் பெருந்தலை ஆமை வெளிச்சத்தையும் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். பொரித்து வரும் குஞ்சுகள் ஆழமான சக்கரத் தடத்தில் விழுந்தால் கடலை நோக்கிப் போகாமல் தடத்தின் வழியே நெடுந்தூரம் ஊர்ந்து களைத்துப்போகின்றன. ஹாட்டரஸில் 2008இல் 112 ஆமைக் கூடுகள், 2019இல் 473.

மறுமொழி 3: அலைமேடு

அந்தக் கடைசிக் கணக்கை வைத்து விதியைப் புகழ்வது சரியல்ல. 2019இல் ஜார்ஜியாவிலும் கூடுகளின் எண்ணிக்கை புதிய உச்சத்தைத் தொட்டது. அங்கே ஹாட்டரஸின் விதி செல்லாது. பெருந்தலை ஆமை முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகும். ஆகவே 2019இல் கரையேறியவற்றில் பெரும்பாலானவை, இறால் இழுவலைகளில் ஆமை தப்பிச் செல்லும் கருவி கட்டாயமான காலத்தை ஒட்டிப் பிறந்தவை. 2012இல் எழுதிய விதியின் பலன் ஆமைகளில் தெரிய 2040 வரை பொறுக்க வேண்டும். இரவுத் தடையை நானும் ஏற்கிறேன், அதில் இழப்பு குறைவு. பகலில், ஒரு குஞ்சுக் கூட்டத்துக்காக மைல் கணக்கில் மூடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. தூண்டில்காரர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்களின் ஆண்டு வருமானம் அந்தச் சில மாதங்களில்தான் அடங்கியிருக்கிறது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றமே, அறிவியல் இடம் கொடுக்கும் அளவுக்கு இடைவெளியைக் குறைக்கவும், மூடிய பகுதியைச் சுற்றிச் செல்ல வழி விடவும் சட்டமியற்றியது. முதலில் வகுத்த எல்லை தேவைக்கு மிஞ்சியது என்ற முறையீட்டுக்குச் செவிசாய்த்துத்தானே அதைச் செய்தார்கள்?

மறுமொழி 4: உப்புக்கொத்தி

ஆமைக் கணக்கில் நீங்கள் சொல்வது சரியே. கூடுகள் பெருகியதற்கு விதியைக் காரணமாகக் காட்ட முடியாது. ஆனால் பெருகிய கூடுகள் இப்போது அதே மணலில்தான் இருக்கின்றன என்பதால் தடத்தின் ஆபத்தும் பெருகியிருக்கிறது. பகல் மூடலில் நாம் உடன்படப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

மறுமொழி 5: கரைவாசி

முதியவர்களைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே! நடக்க இயலாதவரை, வண்டிகள் கூடாத பகுதியில் இருக்கும் அவருடைய குடும்பத்தாரிடம் கொண்டுவிடுவதற்குத் தனி அனுமதி தர அந்த விதியிலேயே இடமிருக்கிறது. இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும். அகன்ற சக்கரங்கள் கொண்ட மணல் சக்கர நாற்காலிகளையும் பூங்கா நிர்வாகம் இரவல் தருகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பறவைகளுக்காக மூடிய பகுதிக்குள் மட்டும் இந்தச் சலுகை செல்லாது.