உயர்விலை மூடிய வகை ஹெட்ஃபோன்களில் சவுண்ட்ஸ்டேஜும் பேஸும்: ஸ்டெல்லியா, ஸ்டெல்த், இசட்1ஆர் மூன்றில் எது?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளாக சென்ஹைசர் எச்.டி. 650 என்னும் திறந்த வகை (காதுக்கிண்ணத்தின் பின்புறம் ஒலி வெளியேறும்படி திறந்திருப்பது) ஹெட்ஃபோனில்தான் இசை கேட்டு வருகிறேன். இப்போது குடியிருக்கும் அடுக்ககத்தில் நான் கேட்கும் இடத்தை ஒட்டியே பெற்றோரின் படுக்கையறை இருப்பதால், இரவில் அவர்கள் உறக்கம் கெடாதபடி கேட்க மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். நெடுநாள் சேமித்த பணம் என்பதால் ஒரே முறையில் நல்லதாக வாங்கிவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஃபோக்கல் ஸ்டெல்லியா, டான் கிளார்க் ஆடியோ ஸ்டெல்த், சோனி எம்.டி.ஆர்-இசட்1ஆர் ஆகிய மூன்றும் என் பட்டியலில் உள்ளன. நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளும் மேற்கத்திய சிம்பொனி இசையும். மூடிய வகையில் சவுண்ட்ஸ்டேஜ் (இசைக் கலைஞர்கள் நம்முன் ஒரு மேடையில் பரந்து அமர்ந்திருப்பது போன்ற உணர்வு) குறுகிவிடும், பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) மிகுந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். இந்த விலையிலும் அது உண்மைதானா? பேஸ் கூடினால் சவுண்ட்ஸ்டேஜ் குறையும் என்பதற்கு அடிப்படை ஏதேனும் உண்டா? நான் கண்ணாடி அணிபவன் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் ஐயா. மூன்றையும் ஒரே ஆம்பில் (ஒலிச்சைகையைப் பெருக்கும் கருவி) மாற்றி மாற்றிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். தரவரிசைக்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிட்டால் பிறகு நீங்களே முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

ஹெட்ஃபோனுக்குள் ஒலியை உண்டாக்கும் பாகமான ட்ரைவரின் சவ்வு முன்புறம் காதை நோக்கி எவ்வளவு ஒலியை அனுப்புகிறதோ அதே அளவு ஒலியைப் பின்புறமும் அனுப்புகிறது. திறந்த வகையில் அது அறைக்குள் போய்விடும். மூடிய வகையில் கிண்ணத்தின் சுவரில் பட்டுத் திரும்பி, மெல்லிய சவ்வையே ஊடுருவிக்கொண்டு காதுக்கு வந்து சேரும். கிண்ணம் 3 செ.மீ. ஆழம் என்றால், போய்வரும் தூரம் 6 செ.மீ.; தாமதம் ஏறத்தாழ 0.17 மில்லிவினாடி. எதிரொலியாகக் காதில் விழ இந்த இடைவெளி போதாது என்றாலும் ஒலியின் நிறத்தை மாற்ற இது தாராளமாகப் போதும். மூடிய ஹெட்ஃபோனில் சிலர் உணரும் "டப்பாக்குள் பாடுவது போன்ற" தன்மைக்கு இதுதான் முதல் காரணம்.

சவுண்ட்ஸ்டேஜுக்கு இது ஏன் குறிப்பாகப் பகை என்பதையும் பார்க்க வேண்டும். ஒலி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டறியப் பயன்படும் தடயங்களில், காதுமடலின் மடிப்புகள் ஒலியில் ஏற்படுத்தும் மேடுபள்ளங்கள் முக்கியமானவை. அவை பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு காதுக்கிண்ணத்தின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே கிண்ணத்துக்குள் நிலை அலைகள் (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கும் அலைகள்) உருவாகத் தொடங்கும் இடமும், காதுமடல் திசையைச் சொல்லும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. தயாரிப்பாளர் இந்தப் பகுதியை எவ்வளவு தூய்மையாக வைத்திருக்கிறார் என்பதில்தான் நாம் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

2021இல் வந்த ஸ்டெல்த் இதை நேரடியாக எதிர்கொள்கிறது. ட்ரைவருக்கும் காதுக்கும் நடுவே, நுண்ணிய குழிகளும் வழித்தடங்களும் கொண்ட ஒரு மெட்டாமெட்டீரியல் (தன் வடிவமைப்பாலேயே ஒலியைக் கட்டுப்படுத்தும் பொருள்) தகட்டை வைத்து அந்த நிலை அலைகளை அங்கேயே அடக்கியிருக்கிறார்கள். விளைவாக, அதன் மேடை மிகப் பரந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது அசையாமல் நிற்கிறது. இரண்டாம் வயலின்களும் வயோலாக்களும் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து கேட்கின்றன.

2016இல் வந்த இசட்1ஆர் வேறு வழியில் போகிறது. 70 மி.மீ. ட்ரைவர், காதைச் சுற்றிலும் தாராளமான இடம், பின்னலைகளை அடக்கக் காகிதக்கூழால் செய்த வடிகட்டி என்று எல்லாம் பெரிய அளவில் இருக்கும். மூன்றில் அகலம் மிகுந்தது இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குரலின் மேல் நடுப்பகுதி சற்றுப் பின்வாங்கியிருப்பதும் அந்தத் தொலைவு உணர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. பாடகர் இரண்டடி பின்னால் தள்ளி அமர்ந்ததுபோல் தோன்றும். ட்ரெபிளில் (உயர்ந்த ஒலிகளில்) 10,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையும் உண்டு. ஜால்ரா, வயலின் ஆகியவற்றில் அது சிலரை உறுத்தும்.

2019இல் வந்த ஸ்டெல்லியாவில் 40 மி.மீ. பெரிலியம் ட்ரைவர் இருக்கிறது. மேடை இம்மூன்றில் சிறியது. ஆனால் அடியின் விசையை, தாக்கு தொடங்கும் கணத்தை, இதைப்போல் மற்ற இரண்டும் காட்டுவதில்லை.

பதில் 2

கண்ணாடி அணிபவர் என்று கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருப்பதை யாரும் கடந்துபோய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு, காதுக்கும் சவ்வுக்கும் நடுவில் அடைபட்ட காற்று முழுவதும் ஒரே அழுத்த அறை. சவ்வு அசையும்போது அந்த அழுத்தம் ஏறி இறங்குவதையே பேஸ் என்று உணர்கிறோம். கண்ணாடியின் காம்பு காதுமெத்தையைத் தூக்கி ஒரு சிறு இடுக்கை உண்டாக்கினாலும் அழுத்தம் கசிந்துவிடும், முதலில் போவது சப்-பேஸ், அதாவது பேஸின் மிகத் தாழ்ந்த பகுதி. தட்டையான சவ்வு முழுவதையும் காந்தங்கள் அசைக்கும் பிளேனார் ஹெட்ஃபோன்களில் (உங்கள் பட்டியலில் ஸ்டெல்த் அவ்வகை) இந்த இழப்பு வெகு தெளிவாகத் தெரியும்.

கடையில் கேட்கும்போது 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு சோதனை ஒலியை முதலில் கண்ணாடியுடனும் பிறகு கண்ணாடி இல்லாமலும் கேட்டுப் பாருங்கள். கிண்ணங்களை விரலால் இலேசாக அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால், அதுவரை நீங்கள் கேட்டது கசிவோடு கூடிய ஒலி. மெல்லிய காம்புள்ள கண்ணாடி ஒன்றை வீட்டில் கேட்பதற்கென்று வைத்துக்கொள்வது, இந்த விலையுள்ள எந்தக் கேபிளை மாற்றுவதைவிடவும் பெரிய மாற்றத்தைத் தரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நான் பேஸ் என்று சொல்வது இடிமுழக்கத்தை அல்ல. மிருதங்கத்தின் தொப்பியில் (இடது முகத்தில்) உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தி வாசிக்கும் கும்கி, அதன் சுருதி வளைந்து ஏறுவது எனக்குக் கேட்க வேண்டும். எச்.டி. 650இல் அது இருக்கிறது, ஆனால் மெலிந்து ஒலிக்கிறது. மேலும், சென்ஹைசர் எச்.டி. 820 குறித்தும் ஒருவர் பரிந்துரைத்தார். என்னிடம் இருப்பது மேசை மேல் வைக்கும் எளிய டாக்-ஆம்ப் (டிஜிட்டல் இசையை ஒலிச்சைகையாக மாற்றிப் பெருக்கும் கருவி), அது போதுமா?

பதில் 3

கும்கியை எடுத்துக்காட்டாகச் சொன்னது மிகவும் பயனுள்ளது, ஏனென்றால் அது கேள்வியையே குறுக்கிவிடுகிறது. தொப்பியின் அடிப்படை ஒலி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பது. அதற்கு வேண்டியது நல்ல மிட்-பேஸ், அதாவது பேஸின் நடுப்பகுதி. இசட்1ஆரின் விவரத்தாளில் 4 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அந்த ஆழம் உங்களுக்குப் பயன்படுவது, 32 அடிக் குழாய் கொண்ட ஆர்கன் சேரும் சிம்பொனிப் பதிவுகளில்தான். அந்தக் குழாயின் மிகக் கீழான சுரம் 16 ஹெர்ட்ஸைத் தொடுகிறது. டபுள் பேஸின் வழக்கமான கீழ்ச்சுரமே 41 ஹெர்ட்ஸில் நின்றுவிடும்.

இசட்1ஆரில் கும்கி பெரிதாக, அறையை நிறைப்பதாகக் கேட்கிறது. மிருதங்கம் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். அது பலருக்குப் பிடிக்கும், எனக்கும் சில இரவுகளில் பிடிக்கும். ஸ்டெல்த்தில் சுருதி ஏறும் வளைவு மிகத் தெளிவு, ஆனால் தோலின் மேல் கை விழும் கனம் சற்றுக் குறைவு. ஸ்டெல்லியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, கனத்தின் பக்கம் சாய்ந்து.

எச்.டி. 820 பற்றி: 2018இல் வந்த அதில், பின்னலையைக் குழிந்த கொரில்லா கண்ணாடி மூலம் திருப்பி, உறிஞ்சும் அறைகளுக்குள் செலுத்துகிறார்கள். மேடையின் அகலத்தில் மூடிய வகைகளிலேயே முன்வரிசையில் வைக்கத்தக்கது. ஆனால் 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளமும், அதற்குக் கீழே பேஸில் ஒரு மேடும் உண்டு. காதுமெத்தை எப்படிப் பொருந்துகிறது என்பதற்கேற்ப இவை ஆளுக்கு ஆள் மாறும். ஆண்குரலின் உடம்பும் தம்பூராவின் நிறைவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கண்ணாடி அணியும் கர்நாடக இசை ரசிகருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன்: சிகாகோவின் இசட்.எம்.எஃப். தயாரிக்கும் வெரிட்டே குளோஸ்டு. மரக்கிண்ணம், 300 ஓம் டைனமிக் (சவ்வில் ஒட்டிய கம்பிச்சுருள் அசைக்கும் வகை) ட்ரைவர். டைனமிக் ட்ரைவரின் மின்தடை அதன் ஒத்ததிர்வுப் புள்ளியில் உயர்வதால், வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் இணைக்கும்போது பேஸ் சற்றுத் திரண்டு வரும். அந்தத் திரட்சியோடு கேட்ட மிருதங்கமும் வீணையும் எனக்கு வேறெந்த மூடிய ஹெட்ஃபோனிலும் கிடைத்ததில்லை. பிளேனாரில் மின்தடை ஏறக்குறைய நேர்க்கோடாக இருப்பதால் ஆம்பைக் கொண்டு இப்படி நிறம் மாற்ற முடியாது.

மேடையைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரு காதுகளுக்கும் ஒரே ஒலி. அவற்றில் எந்த ஹெட்ஃபோனாலும் மேடையை உண்டாக்க முடியாது; எல்லாம் தலைக்கு நடுவில்தான் நிற்கும். உங்கள் சேகரிப்பில் அத்தகைய பதிவுகள் எத்தனை என்று பார்த்துவிட்டு, அகலத்துக்காக எவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

பதில் 1 (தொடர்ச்சி)

மேலே நண்பர் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ட்யூப் ஆம்பின் வழியே பேஸைத் திரட்டுவது நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியோடு மோதுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பேஸ் கூடினால் மேடை குறையும் என்பது பொதுவாகச் சரியில்லை. எந்தப் பேஸ் என்பதைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூட்டினால் பெரும்பாலும் மேடை கெடுவதில்லை. சிம்பொனி அரங்கின் தரையும் காற்றும் அங்கேதான் இருப்பதால், அரங்கு பெரிதானது போன்ற உணர்வுகூட வரும். ஆனால் 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உப்பினால், அது குரலின் கீழ்ப்பகுதியையும் பக்கவாத்தியங்களின் எதிரொலி அடங்கும் வாலையும் மூடிவிடும். அந்த வால்தான் அரங்கின் ஆழத்தைச் சொல்வது. அது மறைந்தவுடன் எல்லோரும் முகத்தருகே வந்து அமர்ந்துவிடுகிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்த இலக்கு வளைவிலும் (கேட்பவர்கள் பெரும்பாலும் விரும்பும் ஒலிச்சமநிலையைக் காட்டும் வரைபடம்), ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பேஸ் தூக்கப்படுகிறது. 200ஐ நெருங்கும்போது அது அடங்கிவிடுகிறது. ஸ்டெல்த் அந்த வளைவுக்கு நெருக்கமாக நடப்பதும், அதில் மேடை குழம்பாமல் இருப்பதும் தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

ஆம்ப் குறித்து: ஸ்டெல்லியா 35 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல் தருவது, உங்களிடம் உள்ள எளிய ஆம்பே அதற்குத் தாராளம். ஸ்டெல்த் 23 ஓம் என்றாலும் அதைவிட ஏறத்தாழ 20 டெசிபல் குறைந்த உணர்திறன் கொண்டது. அதே ஒலியளவை எட்ட நூறு மடங்கு திறன் வேண்டும். ஆம்பையும் சேர்த்து வாங்கும் நிலை வந்தால் உங்கள் கணக்கு மாறிவிடும்.

வீட்டுச் சூழலையும் மறக்க வேண்டாம். மூடிய கிண்ணம் வெளிச்சத்தத்தின் மேல்பகுதியை நன்றாகத் தடுக்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாகத் தடுப்பதில்லை. மின்விசிறியின் காற்றிரைச்சல் அடங்கும், அதன் மோட்டார் முனகல் அடங்காது. இசட்1ஆர் இவற்றுள் தடுப்பில் பலவீனமானது, அதிலிருந்து ஒலியும் ஓரளவு வெளியே கசியும். பெற்றோரின் உறக்கம்தான் முதல் நோக்கம் என்றால் இது ஒன்றே அதைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும்.

ஆகவே உங்கள் ஆம்பை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் ஸ்டெல்லியா. மாற்றுவதாக இருந்தால் ஸ்டெல்த். ஸ்டெல்த்தில் கும்கிக்கு வேண்டிய கனத்தை, ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 3 டெசிபல் தூக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்; அதன் சவ்வு அந்தக் கூடுதலைச் சிதைவின்றித் தாங்கும். ஸ்டெல்லியாவில் இல்லாத அகலத்தை எந்த ஈக்யூவாலும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள்; ஒலியளவு கூடும்போது நம் காது பேஸை மிகுதியாக உணரும் என்பதால், சற்று உரக்க ஒலிப்பதே பேஸிலும் வென்றதுபோல் தோன்றிவிடும்.