வெள்ளை அனிமோன் சுருங்கிக்கொண்டே போகிறது, என்ன செய்வது?

புதுத்தொட்டி

வணக்கம். சென்னையில் இருக்கிறேன். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை), ஒரு க்ளீனர் இறால், அவ்வளவுதான். பையன் நச்சரித்ததில் ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு அனிமோன், அதாவது பூ மாதிரி விரிகிற கடல் உயிரி, வாங்கினேன். பபிள் டிப் வகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று, நுனியில் மட்டும் லேசாக ஊதா, கடையிலேயே அதுதான் அழகாக இருந்தது.

முதல் இரண்டு நாள் நன்றாக விரிந்தது. அப்புறம் வைத்த பாறையை விட்டு நகர்ந்து பின்பக்கக் கண்ணாடி ஓரம் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது காலையில் பார்த்தால் உலர்ந்த அத்திப்பழம் மாதிரி சுருங்கி, வாய் லேசாகத் திறந்து கிடக்கிறது. ராத்திரியில் பழுப்பாக நூல் மாதிரி எதையோ துப்புகிறது. ஒரு முழு இறால் கொடுத்தேன், அரை மணி நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது.

அம்மோனியா 0, நைட்ரேட் 10, ஹைட்ரோமீட்டரில் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) 1.025. தண்ணீர் 31 டிகிரிக்குப் போனதால் அனிமோன் வந்த அன்றே மேலே இரண்டு ஃபேன் மாட்டி 28-க்குக் கொண்டுவந்தேன். விளக்கு பழைய நன்னீர்த் தொட்டியில் இருந்த 18 வாட் எல்ஈடி. அனிமோனுக்குள் குடியிருக்கும் என்றார்கள், க்ளவுன் இரண்டும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறதா? எடுத்துவிடலாமா?

உப்புத்தண்ணி

இன்னும் சாகவில்லை, பயப்படாதீர்கள். செத்தால் நீங்கள் கேட்கவே வேண்டாம், மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும், தொட்டால் சளி மாதிரி கையோடு வரும். நீங்கள் சொல்கிற பழுப்பு நூல் அதன் கழிவு. அதற்கு வாய் ஒன்றுதான், சாப்பிடுவதும் கழிப்பதும் அதிலேயே, அதனால் அவ்வப்போது சுருங்கிப் பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி உப்பும். மணிக்கணக்கில் வாய் பிளந்தபடி உள்ளிருப்பது தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஆனால் அந்த வெள்ளை அழகு இல்லைங்க. அனிமோனின் உடம்புக்குள் பழுப்பு நிறப் பாசி குடியிருக்கிறது, அது வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுவதைத்தான் அனிமோன் பெரும்பாலும் சாப்பிடுகிறது. சூடு, இருட்டு, பயணம் என்று ஏதாவது ஒன்றில் அந்தப் பாசி வெளியேறிவிட்டால் உடம்பு வெளுக்கும். நீங்கள் வாங்கியது பட்டினி கிடக்கிற ஒரு உயிர். அந்த 18 வாட் விளக்கில் அது தேறாது, பவளம் வளர்க்கிற ரீஃப் தொட்டிக்கான விளக்கு வேண்டும். அதையும் முதல் நாளே முழு வெளிச்சத்தில் போடாமல் இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள்.

முழு இறால் அதற்கு மிக அதிகம். பட்டாணி அளவு துண்டு, வாரம் இரண்டு முறை, போதும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இரண்டு ஃபேன் ஓடினால் தண்ணீர் குறையுமே, அதை எதை ஊற்றி நிரப்புகிறீர்கள்?

புதுத்தொட்டி

தினமும் நாலு லிட்டர் குறைகிறது. உப்பு கலந்து வைத்திருக்கும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், கடல்நீர்த் தொட்டி ஆயிற்றே. தப்பா?

உப்புத்தண்ணி

அகப்பட்டது! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். நாலு லிட்டரில் 140 கிராம் உப்பு, ஒன்பது நாளில் ஒன்றேகால் கிலோ கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது இப்போது 41 பக்கம் போயிருக்கும், அதாவது 1.031 அளவில். மீன் தாங்கிக்கொள்ளும், அனிமோன் தாங்காது.

பிறகு ஏன் 1.025 காட்டுகிறது என்றால், உங்களுடையது பிளாஸ்டிக் டப்பாவில் முள் ஆடுகிற வகை என்று நினைக்கிறேன். முள்ளில் உப்பு படிந்தால் கனத்து, குறைவாகக் காட்டும். காற்றுக்குமிழி ஒட்டினால் அதிகமாகக் காட்டும். நானும் ஒரு வருடம் அதை நம்பி ஏமாந்தவன்தான். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளியை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள், கூடவே 35 என்று குறித்த சரிபார்க்கும் திரவமும். அதுவரை முள்ளை வினிகரில் ஊறவைத்துக் கழுவி மறுபடி பாருங்கள்.

பதறிப்போய் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். ஆவியாவதற்கு இனி உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். அதோடு தினமும் ஆறு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆறு லிட்டர் ஆர்ஓ தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நாளைக்கு. சமையலறை ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று இருக்கும், குடிக்கிற தண்ணீருக்காக அதைத் திறந்து வைத்திருப்பார்கள். டிடிஎஸ் பேனாவை விட்டுப் பாருங்கள், 80, 100 என்று காட்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

வேவ்மேக்கரால்_கெட்டவன்

உப்பு விஷயம் சரியாகிவிடும். அது நகர்கிறது என்றீர்களே, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார்) எந்தப் பக்கம் இருக்கிறது? நான் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் மதுரை போயிருந்தேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த என் அனிமோன் அன்றைக்குத்தான் ஊர்சுற்றக் கிளம்பியிருக்கிறது. திரும்பி வந்தால் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. வேவ்மேக்கரின் உறிஞ்சும் ஓட்டையில் துண்டு துண்டாகச் சிக்கியிருந்தது, மூன்று மீன் போய்விட்டது. பாதித் தண்ணீரை மாற்றி, கரி போட்டு, வீடெல்லாம் நாறி, இரண்டு வாரம் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறையோ வலையோ இன்றைக்கே மாட்டுங்கள், வாரம் ஒருமுறை அலசுங்கள். கண்ணாடியிலிருந்து அனிமோனைப் பிய்க்க நினைக்காதீர்கள், பாதம் கிழிந்தால் அதோடு முடிந்தது. வெளிச்சமும் நீரோட்டமும் சரியானால் தானாக இடம் மாறும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, மீனைத் தனியே எடுத்து வைத்துத்தான் வைத்தியம்.

நாலு மாதத் தொட்டியில் அனிமோன் வைத்தது அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்.

மண்டபம்_கரை

எங்கள் ஊரில் பாக் விரிகுடா பக்கம் ஆழமில்லாத மணலில் கம்பள அனிமோன் விரிந்து கிடக்கும். தொட்டால் விரலில் கோந்து மாதிரி ஒட்டும். அது பாதத்தை மணலுக்குள் புதைத்து வாழ்கிற வகை. உங்களுடையது பாறைப் பொந்தில் பாதத்தைச் செருகிக்கொள்கிற வகை, பின்னால் போய் ஒளிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு பொந்து உள்ள பாறையை அதன் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

வெப்பத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கோடைச் சூட்டில்தான், அதே பாசி கிளம்பிப் போகிற கதை. 26-ஐ ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. மே மாதத்துக்கு ஃபேன் போதாது, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) பாருங்கள், அல்லது ஏசி அறைக்கு மாற்றுங்கள். காலையில் 26, மதியம் 30 என்று ஆடுவதைவிட 28-லேயே நிற்பது மேல்.

க்ளவுன் விஷயத்தில் பையனிடம் சத்தியம் எதுவும் செய்யாதீர்கள். ஆயிரத்துக்கு மேல் அனிமோன் வகை இருந்தும் பத்தில்தான் க்ளவுன் குடியிருக்கிறது, அதிலும் ஒவ்வொரு க்ளவுனுக்கும் தனி விருப்பம். கடைகளில் கிடைக்கிற ஆரஞ்சு ஒசெல்லாரிஸ் வகை க்ளவுன் கடலில் பபிள் டிப்பில் வசிப்பதில்லை. தொட்டியில் சிலது ஏற்றுக்கொள்ளும், சிலது கடைசிவரை ஏற்காது. க்ளவுன் இல்லாமலும் அனிமோனுக்கு ஒரு குறையும் கிடையாது.

நன்றாக வைத்திருந்தால் அது நம் ஆயுளுக்கே போட்டியாக வரும். 1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்த ஒரு அனிமோன் கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை இருந்தது, ‘பாட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எடுத்தவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

புதுத்தொட்டி

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். வினிகரில் கழுவியதும் முள் 1.030 காட்டியது! இப்போது ரிஃப்ராக்டோமீட்டரில் 1.026. என் ஆர்ஓ டிடிஎஸ் 94, அதனால் கேன் தண்ணீரில் டிடிஎஸ் இல்லாததாகத் தேடி வாங்குகிறேன். தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றியதில் என் கணவரின் முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

அனிமோன் போன வாரம் சாய்த்து வைத்த பாறைக்கு வந்துவிட்டது. நகத்தளவு இறால் துண்டை உள்ளே இழுத்துக்கொண்டது, துப்பவில்லை. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோது விரல்களின் அடியில் டீக்கறை மாதிரி லேசான பழுப்பு. க்ளவுன் இரண்டும் வேவ்மேக்கரின் பஞ்சு உறையில்தான் தூங்குகின்றன. பையனுக்கு அதுவே போதுமாம்.