கறிவேப்பிலையை மொட்டையடிக்கிற புழு: மருந்து அடிக்கலாமா?

திருநகர் மாடி:
எங்க வீடு மதுரை திருநகர். மாடியில 14 பை, கீழே காம்பவுண்டு சுவர் ஓரமா ரெண்டடி அகலத்துக்கு மண். பட்டாம்பூச்சி வரணும்னு ஆசைப்பட்டு, ஆடியில நர்சரிக்காரர் கைகாட்டினதையெல்லாம் வாங்கி வச்சேன். கலர் கலரா உண்ணிச்செடி மூணு, பென்டாஸ் நாலு. பூச்சி வருது, தேன் குடிக்குது, போயிடுது. ஒண்ணுகூடத் தங்கல.

இதுக்கு நடுவுல கறிவேப்பிலையில ஏதோ எச்சம் மாதிரி இருந்துச்சு. காக்கா வேலைன்னு நினைச்சேன். மறுநாள் பாத்தா எச்சம் நடக்குது! இப்ப சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சைப்புழு ஆறு. மூணு கிளை மொட்டை. தொட்டா தலைக்குப் பின்னாடியிருந்து செவப்பா ரெண்டு கொம்பை நீட்டுது, நாத்தம் வேற. பக்கத்து வீட்டு அக்கா வேப்பெண்ணெய் கரைசல் அடிக்கச் சொல்றாங்க. தாளிக்க இலை இல்லாம மாமியாருக்கும் கோபம். அடிச்சிடவா?

கரிசக்காட்டான்:
ஸ்ப்ரேயரைக் கீழ வைங்க தாயி. நீங்க வரணும்னு ஆசைப்பட்ட பட்டாம்பூச்சி அந்த ஆறும்தான்.

கறிவேப்பிலையில முட்டை வைக்கிறது பெரும்பாலும் ரெண்டு பேர், எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். குட்டியா இருக்கும்போது குருவி ஏமாறணும்னு எச்சம் வேஷம், பெருசானதும் இலைப் பச்சை. அந்தக் கொம்பும் நாத்தமும் எறும்பு, குளவியை விரட்டத்தான், உங்களை ஒண்ணும் செய்யாது. இன்னும் சில நாள்ல தின்கிறதை நிறுத்திட்டு, இடுப்புல ஒரு நூலைக் கட்டிக்கிட்டுக் கூட்டுப்புழுவாயிடும். செடி சாகாது, மழை பெஞ்சதும் தழைச்சுக்கும்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. இலை பத்தலையேன்னு கடைக் கறிவேப்பிலையைப் போட்டுறாதீங்க. நான் ஒருதடவை போட்டு, ராத்திரிக்குள்ள நாலும் சுருண்டு செத்துச்சு. அதுல என்ன மருந்து இருந்துச்சோ. நாமளும் அதைத்தானே ரசத்துல போடுறோம்!

ஏன் தங்கலைன்னு கேட்டீங்கள்ல. பூ வைக்கிறது ஓட்டல் நடத்துற மாதிரி, சாப்பிட்டுட்டுப் போயிரும். பிள்ளை பெத்துக்க இலை வேணும், அதுவும் ஒவ்வொண்ணுக்கும் அதோட இலைதான். வெந்தய வரியனுக்கு எருக்கு. ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை, எங்க கரிசல்ல பருத்திக்கு நடுவுல களைன்னு பிடுங்கி எறியிற அதே செடிதான். பேரே சொல்லுது, ஆடு வாய் வைக்காது. அந்த விஷத்தைப் புழு தின்னு உடம்புல சேத்துக்கிறதால பறவையும் வாய் வைக்காது. நட்டா புழுவுக்காக மட்டும் நடுங்க. கைவைத்தியம்னு யாரும் வாயில போட்டுறக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கோவைப்புதூர்:
அண்ணன் சொன்னது சரிங்க. உண்ணிச்செடி மட்டும் மண்ணுல இறக்கிறாதீங்க. அமெரிக்கக் கண்டத்துல இருந்து அழகுக்குன்னு வந்தது, இன்னிக்கு முதுமலை, சத்தியமங்கலம் காட்டையே அடைச்சு நிக்குது. பழத்தைக் குருவி தின்னு ஊரெல்லாம் விதைக்கும். தேனுக்கு நம்ம இட்லிப்பூ போதுமுங்க. கிலுகிலுப்பை விதை கிடைச்சா தூவுங்க, ஆனா காஞ்சதும் பிடுங்காதீங்க. நீல வரியன் ஆம்பளைங்க அந்தக் காஞ்ச செடியைத்தான் மொய்க்கும். பெட்டையை மயக்குற வாசனைக்குச் சரக்கு அதுலதான் இருக்கு.

திருநகர் மாடி:
ஸ்ப்ரேயரை வச்சுட்டேன். ஆனா எருக்குன்னதும் மாமியார், "எருக்கு மொளைக்கிறது பாழடைஞ்ச வீட்டுல. நான் இருக்குறவரைக்கும் நடக்காது"ன்னுட்டாங்க. வேற வழி இருக்கா?

கரிசக்காட்டான்:
வெள்ளெருக்கு வைங்க. பிள்ளையாருக்கு மாலை கட்டுற பூவை வேண்டாம்னு எந்த மாமியாரும் சொல்ல மாட்டாங்க. ஜாதி ஒண்ணுதான், பூவோட நிறம் மட்டும் வேற; வெந்தய வரியன் அந்தப் பேதம் பாக்காது. கிளை ஒடிச்சா பால் கண்ணுல படாம பாத்துக்கோங்க. பூஜைக்குச் செவ்வரளி வச்சிருக்கீங்களா? இலைக்கு அடியில தேடுங்க, என்னைக்காவது வெள்ளி ஜிமிக்கி மாதிரி ஒண்ணு மின்னிக்கிட்டுத் தொங்கும். அது வெண்புள்ளிக் கருப்பனோட கூடு. அந்த ரெண்டடி மண்ணுக்கு ஆவாரை ஏத்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வெளிய அலைய வேண்டாம், கொழுந்துல மஞ்சள் பூச்சிங்க முட்டையும் வைக்கும்.

திருநகர் மாடி:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். ஆறுல ரெண்டைத் தையல்சிட்டு தூக்கிருச்சு, ஒண்ணைக் காணோம். இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு ஒண்ணு வெளிய வந்து, ரெக்கையைக் காய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்துச்சு. கருப்பு, பின்ரெக்கையில வெள்ளையும் செவப்புப் புள்ளியும், வால் இருக்கு. படத்துல தேடினா ரோஜா அழகின்னு வருது. ஆனா என்கிட்ட ஆடுதீண்டாப்பாளையே இல்லையே?

கரிசக்காட்டான்:
உடம்பு என்ன நிறம்?

திருநகர் மாடி:
கருப்பு.

கரிசக்காட்டான்:
அப்ப அது கறிவேப்பிலை அழகி, பொம்பளை. ரோஜா அழகிக்கு உடம்பு செவப்பு. விஷம் இருக்குறவ மாதிரி ரெக்கையை மட்டும் இரவல் வாங்கிப் போட்டுருக்கா, உடம்புக்குச் சாயம் பூச மறந்துட்டா. குருவி அவ்வளவு கிட்டப் போய்ப் பாக்காது, அந்தத் தைரியம்.

திருநகர் மாடி:
இதை மாமியார்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கெட்டிக்காரி"ன்னாங்க. கறிவேப்பிலை இப்பல்லாம் காய்க்காரர் தர்ற கொசுறுதான், ரெண்டு தண்ணியில அலசிட்டுப் போடுறோம். வெள்ளெருக்குக் கன்று எங்க கிடைக்கும்னு அவங்களே கேக்குறாங்க.