மழை மாதங்களில் தக்காளி, கரட் எங்கே எடுக்கிறீர்கள்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். மரக்கறி எடுப்பது பேலியகொட மெனிங் சந்தையில். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் விலை ஏறும், பெரும்போக மரக்கறி வந்ததும் இறங்கும். அது தெரிந்த கதைதான். விலையை விடத் தரம்தான் தலையிடி. உரப்பையில் நெரித்துக் கட்டி வரும் தக்காளி மேலே பளபளப்பு, அடியில் கை விட்டால் சாறு. நுவரெலியாவில் கழுவி அனுப்புகிற கரட் பார்க்க வடிவு. ஆனால் ஈரத்தோடு கட்டுவதால் இரண்டாம் நாளே வழவழக்கிறது.

மண்ணோடு உள்ள கரட், பிளாஸ்டிக் கூடையில் வரும் தக்காளி தருகிற மொத்தக் கடைக்காரர் யாரையாவது தெரியுமா? விடிய எத்தனை மணிக்குப் போனால் நல்லது கிடைக்கும்? தம்புள்ளையிலிருந்து நாலைந்து கடைக்காரர் சேர்ந்து லொறியில் எடுப்பவர்கள் இருந்தால், கூலியும் கழிவும் போக உண்மையிலேயே மிஞ்சுகிறதா?

அப்புறம், போஞ்சி விலை ஏறும்போது எதை வைத்துச் சமாளிக்கிறீர்கள்? வாழைப்பூ, பூசணி என்று மாற்றிப் பார்த்தோம். மத்தியானம் வருகிற ஆட்கள் போஞ்சிப் பால்கறியைத்தான் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், இன்பொக்ஸில் வந்தாலும் சரி.