கலைச்சொல்: ‘மானியம்’ போதாது, ‘முன்கழிவு’ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வண்டி வாங்குவோருக்கு அரசு தரும் சலுகைகள் எல்லாவற்றையும் ‘மானியம்’ என்றே எழுதிவிடலாமே என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம், எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்.

கோத்தகிரியில் அவருக்கு ஒரு ஏக்கர் தேயிலை. 2025 மே மாதம் மின்ஸ்கூட்டர் வாங்கினார். மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கோடு வந்து, “தம்பி, மானியம் இன்னும் ஏறவே இல்லையே” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. காஸ் மானியம் சிலிண்டருக்கு முழு விலை கொடுத்த பிறகுதான் கணக்கில் ஏறுகிறது. தேயிலை மறுநடவு மானியமும் வேலையை முடித்துக் காட்டிய பிறகுதான். மானியம் என்றால் காத்திருக்க வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது.

பில்லை வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு வரி, கழித்தல் குறியோடு 5,000. வண்டி எடுத்த அன்றே சலுகை அவருக்குக் கிடைத்துவிட்டது! செல்போனில் ஒரு மின்சீட்டு (இ-வவுச்சர்) வந்ததும், அதில் கையெழுத்துப் போட்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மின்வண்டிகளுக்குச் சலுகை தரும் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது, இருசக்கர வண்டிக்கு பேட்டரி கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணி (kWh) அளவுக்கும் 5,000 ரூபாய், அதிகபட்சம் 10,000 என்று இருந்தது. 2025 ஏப்ரலில் இரண்டும் பாதியாகின. இந்தத் தொகையை விலையிலேயே கழித்துவிட்டார்கள். அப்புறம் அரசிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் வேலை. அண்ணன் கையெழுத்துப் போட்ட மின்சீட்டு அதற்குத்தான். முந்தைய ஃபேம் திட்டத்திலும் இதே வழிதான்.

ஆகவே விலையிலேயே கழிவதற்கு ‘முன்கழிவு’ என்றும், பிறகு கணக்கில் ஏறுவதற்கு ‘பின்வரவு’ என்றும் எழுதலாம் என்பது என் முன்மொழிவு. சாலை வரிக்கு ‘வரிவிலக்கு’ ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ‘ஊக்கத்தொகை’ என்று இன்னொருவர் சொன்னதும் நல்ல சொல்தான். ஆனால் கரும்பு விவசாயிக்கும் விளையாட்டு வீரருக்கும் கையில் தருகிற பணம் அது. இங்கே வாங்குபவர் கைக்குத் தொகை எதுவும் வருவதில்லை.

‘கழிவு’ என்றால் குப்பை அல்லவா என்று கேட்பீர்கள். மழை நாளில் தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலை போடப் போனால், ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு என்று எடையில் பிடிக்கிறார்கள். அங்கே யாரும் குப்பையை நினைப்பதில்லை. அந்தக் கழிவு நமக்கு நட்டம், இந்தக் கழிவு நமக்கு லாபம். சொல் ஒன்றுதான். ‘விலைக்கழிவு’ என்றும் யோசித்தேன். கடைக்காரர் தருகிற தள்ளுபடியோடு அது கலந்துவிடும்.

எழுதிப் பார்த்த வாக்கியம் இது: “வண்டி விலையில் 5,000 ரூபாய் அரசின் முன்கழிவு, சாலை வரிவிலக்கு தனி.” அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “அப்போ இதுக்காக பாங்குக்குப் போக வேண்டாம்” என்றார்.